மேட்டுக்காக ஒரு டர்போ

பல் டாக்டருடைய வீடு செங்குத்தான ஒரு மேட்டின் உச்சியில் இருந்தது. கிளினிக்கோ அடிவாரத்தில். அவளுடைய கார் சின்னது. பெட்ரோலை மோந்து பார்த்தே ஓடிவிடும் ரகம். ஆட்டோமேட்டிக் என்பதால் கியர் போடும் வேலையும் இல்லை. சமதளத்தில் அதைப்போல சமர்த்து கிடையாது. மேடு வந்தால் மட்டும் மூச்சு வாங்கும். வீட்டு ஆட்கள் எல்லோரும் ஏறிவிட்டால் கேட்கவே வேண்டாம், பின்னால் வரும் லாரிக்காரர் ஹாரனிலிருந்து கையை எடுக்கமாட்டார்.

"நடந்து போறவர்கூட நம்மளப் பாத்து சிரிக்கிறாரு. நான் இறங்கி அவரோடவே போயிடட்டுமா?" என்பான் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் கணவன்.

சொத்தைப் பல்லோடு ஒரு நாள் கொழுந்தன் கிளினிக்குக்கு வந்தான். கணவனின் தம்பி, சொந்தமாக மெக்கானிக் ஷெட் வைத்திருப்பவன். நாற்காலியில் சாய்ந்து கிடந்தவன், அவள் டிரில்லைக் கையில் எடுத்ததும் பயத்தை மறைக்கப் பேச்சுக் கொடுத்தான்.

"இது மோட்டார்லயா சுத்துது அண்ணி?"

"இல்ல, காத்துல. உள்ள பொடிசா ஒரு சக்கரம் இருக்கு. அழுத்தமா காத்து அடிச்சா சுத்தும்."

"அட! டர்போவும் இப்படித்தான். சைலன்சர் வழியா வீணாப் போற புகை ஒரு சக்கரத்தச் சுத்த வைக்கும். அதே தண்டோட இன்னொரு முனையில இருக்கிற சக்கரம் வெளிக்காத்த இழுத்து இன்ஜினுக்குள்ள திணிக்கும். காத்து கூடினா பெட்ரோலும் கூட எரியும், பலமும் கூடும்."

அவள் டிரில்லைப் பிடித்தபடியே நின்றுவிட்டாள். வெளியே தள்ளுகிற புகையே உள்ளே காற்றைத் தள்ளுமா? இத்தனை வருஷம் காற்றுச் சக்கரத்தைக் கையில் வைத்துக்கொண்டு இது தோன்றவே இல்லையே.

"என் கார்ல வைக்கலாமா தம்பி?"

"மொதல்ல என் பல்ல முடிங்க அண்ணி!"

பல் முடிந்தது, பேச்சு முடியவில்லை. அளவோடு திணித்தால் இன்ஜின் தாங்கும் என்றான் கொழுந்தன். "கியர்பாக்ஸ்தான் சந்தேகம். இந்த இன்ஜினோட பலத்துக்குன்னு அளவெடுத்துத் தைச்ச சட்டை மாதிரி அது."

"எவ்வளவு வரைக்கும் தாங்கும்?"

"உடைச்சுப் பாத்தவனத்தான் கேக்கணும்."

அந்த பதில் அவளைத் தூங்கவிடவில்லை. கணவனோ, "நல்லா ஓடுற காருக்கு எதுக்கு ஆபரேஷன்?" என்று கேட்டுவிட்டுப் போர்வையை இழுத்துக்கொண்டான்.

நொறுங்கிப்போன ஒரு காரிலிருந்து, சேதமில்லாத சின்ன டர்போவைக் கொழுந்தன் பிடித்து வந்தான். விடுமுறை நாட்களில் அவள் ஷெட்டிலேயே கிடந்தாள். புகைக் குழாயை வெட்டி ஒட்டினார்கள். டர்போவுக்கு ஆயில் போக ஒரு குழாய், வர ஒரு குழாய். சூடேறிய காற்றைக் குளிரவைக்க முன்பக்கம் ஒரு கூலர். பெட்ரோலைக் கூட்டிக் கொடுக்க, இன்ஜினின் கம்ப்யூட்டரிலும் கைவைத்தார்கள். எங்கிருந்தோ ஆயில் சொட்டியது. எங்கே என்று தெரியவில்லை. கை நுழையாத இடுக்குக்குள் அவள் பல் பார்க்கும் கண்ணாடியை நீட்டிப் பார்த்துக் கசிவைக் கண்டுபிடித்தாள்.

"வாய்க்குள்ள பாக்கறதவிட இது சுத்தமா இருக்கு," என்றாள்.

முதல் ஓட்டத்தில் மேட்டின் பாதியில் மெல்லிய விசில் ஒன்று எழுந்தது. யாரோ முதுகில் கைவைத்துத் தள்ளியதுபோல் கார் ஏறியது. அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அதோடு விட்டிருக்கலாம். சில வாரம் போனதும், "இன்னும் கொஞ்சம் ஏத்தினா என்ன ஆகும்?" என்று கேட்டாள். வேண்டாம் என்று சொல்ல வேண்டியவனுக்கும் அதே அரிப்பு இருந்தது. காற்றின் அழுத்தத்தை ஏற்றினான்.

அன்றைய சோதனை ஓட்டத்தில் பின்சீட்டில் கணவனும் இருந்தான். மேட்டில் வளைவு தாண்டி அவள் ஆக்சிலரேட்டரை மிதித்தாள். விசில் வந்தது. அடுத்த கணம் இன்ஜின் வீறிட்டது. கார் மட்டும் நகரவில்லை. கருகிய நாற்றம் மூக்கில் ஏறியது. பின்னோக்கி உருளத் தொடங்கிய வண்டியை பிரேக்கும் ஹேண்ட்பிரேக்குமாகப் பிடித்து நிறுத்தினாள்.

'அப்பவே சொன்னேன்' வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை.

"ரெண்டாவது கியர்லேர்ந்து மூணுக்கு மாறும்போதுதானே?" என்றான் கணவன். "கொஞ்ச நாளாவே அந்த இடத்துல லேசா ஒரு வழுக்கல். நான் கவனிச்சிட்டுதான் இருந்தேன்."

"ஏன் சொல்லல?"

"எவ்வளவு தாங்கும்னு எனக்கும் பாக்கணும்போல இருந்துது."

அவள் திரும்பி அவனை முறைத்தாள். முறைப்பு பாதியிலேயே சிரிப்பாகிவிட்டது.

வண்டியைக் கட்டி இழுத்துப்போய் கியர்பாக்ஸைக் கழற்றினார்கள். சிவப்பாக இருக்கவேண்டிய ஆயில் கறுத்துக் கிடந்தது. வட்ட வட்டத் தட்டுகள் அடுக்கடுக்காக வெளியே வந்தன. ஒன்றையொன்று இறுக்கிப் பிடித்து பலத்தைச் சக்கரத்துக்குக் கடத்துவது அவைதான். பிடிமானம் தேய்ந்து, சில தட்டுகள் தீய்ந்தே போயிருந்தன. அவள் ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கீழே வைக்க மனமே வரவில்லை.

"புதுசு போட்டாலும் இதே கதைதான் அண்ணி. பழைய நிலைக்கே கொண்டுபோயிடலாம்," என்றான் கொழுந்தன்.

கணவன் தட்டுகளையே பார்த்துக்கொண்டிருந்தான். "கையால கியர் போடுற வண்டியில, மாத்துறப்ப ஆக்சிலரேட்டர்லேர்ந்து கால எடுப்போம்ல? இதுல யாரு எடுக்கிறது?"

கொழுந்தன் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தான்.

"கம்ப்யூட்டர எடுக்க வைக்கலாம்ணே," என்றான் கொழுந்தன் மெதுவாக. "மாறுற நொடியில மட்டும் பலத்தக் குறைக்கச் சொல்லலாம். நான் இன்ஜினப் பத்தியே யோசிச்சிட்டேன்."

புதுத் தட்டுகள் போட்டார்கள். கியர்பாக்ஸ் ஆயிலுக்கும் தனியாக ஒரு கூலர் வைத்தார்கள். அழுத்தத்தை முதலில் இருந்த அளவுக்கும் கீழே இறக்கினார்கள். கார் பறக்கவில்லைதான். ஆனால் வீட்டார் அத்தனை பேரோடும் மேட்டில் சீராக ஏறியது. மாதங்கள் போயும் ஆயில் சிவப்பாகவே இருந்தது. எவ்வளவு தாங்கும் என்பது இப்போது அவர்களுக்கு ஓரளவு தெரியும். முழுக்கத் தெரியாது என்பதும் தெரியும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, "பால் வாங்கிட்டு வரேன்" என்று கணவன் கார் சாவியை எடுத்துக்கொண்டு போனான். பால் கடை தெருமுனையிலேயே இருக்கிறது. அவள் பால்கனியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். அடிவாரத்திலிருந்து அந்த மெல்லிய விசில் ஏறி வந்தது. வீட்டு வாசல் வரை வந்து, நிற்காமல் திரும்பி இறங்கிப் போனது. கொஞ்ச நேரத்தில் மறுபடியும் ஏறி வந்தது.