தேன் சீசா

கருப்பன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து போட்டபோதே லட்சுமணனுக்குச் சுருக்கென்றது. அந்த வீட்டுக்கு இருப்பதே ஒரு நாற்காலி. பாரஸ்டுக்காரர்கள் மலையேறி வந்தால் மட்டும் அது பரணைவிட்டு இறங்கும். பின்பக்கம் கருப்பன் பெண்சாதி செல்லி கோழி பிடித்துக்கொண்டிருந்தாள். அடப்பாவி, கூடப் பிறக்காத குறையாக வளர்ந்தவனுக்கா இந்த உபசாரம்!

மூன்று வருஷம் பிரான்சில் இருந்தான் லட்சுமணன். பாண்டிச்சேரியில் படித்து உதவித்தொகை வாங்கிப் போனவன். பிரெஞ்சு தெரியும் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போனதென்னவோ உண்மை. பேராசிரியர் பேசிய வேகத்தில் பாதி காதோடு போயிற்று. பக்கத்து அறை மொராக்கோக்காரனும் இவனும் ஒருவர் குறிப்பை ஒருவர் பார்த்தெழுதி ஒப்பேற்றினார்கள். கிறிஸ்துமஸ் வந்தால் மாணவர் உணவகத்தை இழுத்து மூடிவிடுவார்கள். உள்ளூர்ப் பிள்ளைகள் வீட்டுக்குப் போய்விட, வெறிச்சோடிய விடுதியில் காய்ந்த ரொட்டியைக் கடித்தபடி, "டேய் கருப்பா" என்று சும்மாவேனும் வாய்விட்டுக் கூப்பிட்டுப் பார்ப்பான். தன் குரலே அவனுக்கு வேற்றாள் குரலாகக் கேட்கும். ஆய்வுக்கு என்ன தலைப்பு என்றபோது சாமை விவசாயம் என்று சட்டென்று சொன்னதும் அதனால்தான். ஆராய்ச்சியாவது ஒன்றாவது! ஊருக்கு வர ஒரு சாக்கு வேண்டியிருந்தது.

"சாமை எவ்வளவுடா வெதைக்கிற?"

"ஒரு ஏக்கர் தாங்க."

"இன்னாடா, என்கிட்டயே 'ங்க' போடுற? காட்டுக்குள்ளாற சரிவுக் கொல்லையச் சொல்லாம வுட்டுட்டியே. நாம ரெண்டு பேரும் வெட்டித் திருத்தினதாச்சே."

கருப்பன் முகம் செத்துவிட்டது. "அதெல்லாம் இப்ப இல்லீங்க. எப்பவோ வுட்டாச்சு."

காலையில் வரும் வழியில்தான், பாரஸ்டு நிலமான அந்தப் பட்டா இல்லாத சரிவில் சாமை கதிர் பிடித்து நின்றதை லட்சுமணன் பார்த்திருந்தான். ஒரு ஏக்கர் என்று மட்டும் பிரெஞ்சில் எழுதினான். "நீ சொன்னதத்தான் எழுதினேன்டா" என்றான். எழுத்து வாசனையே இல்லாத கருப்பன் பேனா முனையையே பார்த்துக்கொண்டிருந்தான். "சரிங்க" என்றான். நம்பவில்லை.

சாயங்காலம் லட்சுமணன் ஏறிய திருப்பத்தூர் பஸ் புறப்படும்போது கருப்பன் மூச்சிரைக்க ஓடிவந்து ஜன்னல் வழியாக ஒரு சீசாவை நீட்டினான். மலைத்தேன். பேனாவோடு மலைக்கு வருகிறவனுக்கெல்லாம் அந்த ஊர் கொடுத்தனுப்புவது. வாங்கிக்கொண்டவன் வாய் திறக்க மாட்டான். வேண்டாம் என்றவன் போனால், பின்னாலேயே ஆட்கள் வந்து விளைந்ததை வெட்டிச் சாய்ப்பார்கள். அந்தச் சீசாக்களை நிரப்ப இருவரும் சேர்ந்து எத்தனை கூடு அழித்திருப்பார்கள், எத்தனை கொட்டு வாங்கியிருப்பார்கள்!

"வேணாம்டா கருப்பா. நான் யாரு ஒனக்கு?"

கருப்பன் சீசாவை இன்னும் உள்ளே தள்ளினான். "வேணாம்னு மட்டும் சொல்லாதீங்க. புள்ளகுட்டிக்காரனுங்க நான்."

லட்சுமணன் வாங்கிக்கொண்டான்.

அப்போதுதான், காலையிலிருந்து முதல் தடவையாக, கருப்பன் சிரித்தான். "நல்லபடியா போய்ட்டு வாங்க!"

பஸ் வளைவு திரும்பும்வரை அவன் கும்பிட்ட கையை இறக்கவில்லை. வண்டி குலுங்கியதில் துணியடைப்பு வழியே தேன் கசிந்து லட்சுமணனின் விரல்களில் இறங்கியது. சீசாவைக் கீழே வைக்கத் தோன்றாமல் பிடித்துக்கொண்டே இருந்தான்.