பிணத்துக்கு ஒரு வசனம்

"நானும் வரேன் உன் படத்துக்கு" என்று ஞாயிறு காலை அப்பா சொன்னபோது சத்யப்ரியா இட்லியைப் பிட்டுக்கொண்டிருந்தாள். பிட்ட துண்டு விரலிலேயே நின்றது.

"நீ எதுக்குப்பா? பிரெஞ்சுப் படம். உனக்கு ஒண்ணும் புரியாது."

"புரிய வெக்கத்தான் நீ இருக்கியே."

முருகேசன் கொடியிலிருந்து வெள்ளைச் சட்டையை எடுத்து உதறினார். மாகறலில் கட்சிக் கூட்டம் என்றால் மைக்கை முதலில் பிடிப்பவர் அவர். பேச்சாளர் வந்து சேரும்வரை கூட்டம் கலையாமல் பார்த்துக்கொள்வது அவர் பொறுப்பு. அவருக்குப் பிறந்த பெண்ணோ, வீட்டுக்கு யாராவது வந்து பெயர் கேட்டால் கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொள்வாள். "எங்கூட்டு வாய் மொத்தத்தையும் நானே எடுத்துக்கினேன். அதுக்கு மிச்சம் வெக்கல" என்று அவரே டீக்கடையில் சொல்லிச் சிரிப்பார்.

அந்தப் பெண்தான் வெள்ளிக்கிழமை ஒரு செய்தியைச் சொல்லியிருந்தாள். ஒரகடத்துப் பெயிண்ட் கம்பெனியின் சோதனைக்கூட வேலையை விட்டுவிட்டுச் சென்னையில் ஒரு நாடகக் குழுவில் சேர வேண்டும். ஒரு வருடம் அங்கேயே தங்கிப் பயில அழைத்திருக்கிறார்கள். திங்கட்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து நின்றாள். அப்பா, "நாலு பேர் முன்னாடி நின்னு நீ பேசுவியாமா?" என்று கேட்டார். கேலியாகக் கேட்டிருந்தால் கோபித்துக்கொண்டிருக்கலாம். தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். தன் சொந்த வார்த்தை என்றால் அவளுக்கு எப்போதும் பாதியில் நின்றுவிடும். வேறொருத்தியின் வார்த்தையைப் பேசும்போது நிற்பதில்லை. இதை எப்படி ஒருவரிடம் விளக்குவது? "ஞாயித்துக்கெழம நாங்க ஒரு படம் போடறோம். நான் சொல்ல வர்றது அதுல இருக்குதுப்பா" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். அவர் வருவார் என்று அப்போது நினைக்கவில்லை.

அந்தப் படத்தைக் கம்பெனி பேருந்தில், செல்போனில்தான் அவள் முதலில் பார்த்தாள். பாரிசில் ஒரு பழைய கட்டடம். கீழே சலவைக் கடை, மேலே வாடகை அறைகள். அவற்றில் ஊரை விட்டு வந்த சிலர். நாடக மேடைக்குப் பின்திரை வரைகிற ஓவியன் ஒருவன். அவனுக்கு வானம் மட்டும்தான் வரையக் கொடுப்பார்கள். ரெனே என்று ட்ரம்பெட் வாசிப்பவன். வீட்டுக்காரம்மாள் சுவரைத் தட்டுவாள் என்று அலமாரிக்குள், தொங்குகிற கோட்டுகளுக்கு நடுவே நின்று வாசிப்பான். பிறகு லூசி. தொலைக்காட்சித் துப்பறியும் தொடர்களில் பிணமாக நடிப்பது அவள் வேலை. தெருப் பிள்ளைகள் அவளைப் பார்த்தால், "அக்கா, ஒருமுறை செத்துக் காட்டு" என்று கெஞ்சுவார்கள். அவளும் கையில் காய்கறிப் பையோடு அங்கேயே சாவாள். சத்யப்ரியா பேருந்தில் வாய்விட்டுச் சிரித்தாள். ஒரகடம் வரும்போது அழுதுகொண்டிருந்தாள். பக்கத்து இருக்கையில் இருந்தவள் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். அந்தப் படத்தில் யாரும் பெரிய ஆள் ஆவதில்லை. ஆனாலும் தாங்கள் செய்கிற சின்ன வேலையை அவர்கள் அப்படி மதித்தார்கள். ஓவியன் ஒரு மேகத்துக்காக இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்தான். அதைப் பார்த்த பிறகு சோதனைக்கூடத்தில் பெயிண்ட் காய்வதைப் பார்த்துக்கொண்டு நிற்பது அவளுக்கு முன்போல் முடியவில்லை.

படத்தைப் போடும் இடம் பெரிய காஞ்சிபுரத்தில், கோதண்டபாணியின் ஃப்ளெக்ஸ் பேனர் கடையின் மாடி அறை. மாதத்தில் ஒரு ஞாயிறு மாலை. ஃப்ளெக்ஸின் வெள்ளைப் பின்பக்கம்தான் திரை. காட்சி இருளும்போது மறுபக்கத்தில் அச்சான யாரோ ஒரு காதுகுத்துக் குழந்தை மங்கலாக எட்டிப் பார்க்கும். கோதண்டபாணி அங்கே இரண்டு வழக்கங்களை ஏற்படுத்தியிருந்தார். ஒன்று, படத்தைத் தேர்ந்தெடுத்தவர் மைக்கைப் பிடித்து எல்லார் வசனத்தையும் தமிழில் சொல்ல வேண்டும். தறியை நிறுத்திவிட்டு வருகிற தெருக்காரர்கள் இங்கிலீஷ் எழுத்தைப் படித்துக்கொண்டிருக்க மாட்டார்கள். இதுவரை எல்லாப் படமும் அவர் கொண்டு வந்ததுதான். கதாநாயகி அழுதாலும் வில்லன் சுட்டாலும், திருவிழாவில் குழந்தை காணாமல் போனதை அறிவிக்கிற அதே குரலில் சொல்வார். இரண்டாவது வழக்கம், முத்தம் வந்தால் ப்ரொஜெக்டருக்கு முன்னால் காலண்டர் அட்டையைப் பிடிப்பது. "பொம்பளைங்க வர்ற எடம்மா" என்பார். பெண்கள்தான் அதற்காக அவரை அதிகம் திட்டுவார்கள்.

இந்த மாதப் படம் சத்யப்ரியா தேர்ந்தெடுத்தது; தமிழ் வசனத்தைப் போன வாரமே செல்போனில் தட்டி வைத்திருந்தாள். அப்பா வருகிறார் என்றதும் எல்லாம் மாறிப்போனது. அவர் சாயங்காலம் வண்டியில் வருவதாகச் சொன்னார். அவள் மதியமே பேருந்து ஏறினாள். ஜன்னலோரம் உட்கார்ந்து, தான் எழுதியதை அப்பாவின் கண்ணால் படித்தாள். லூசி நேரங்காலம் இல்லாமல் ரெனேயின் அறைக்குப் போகிறாள். அவன் கட்டிலில் உட்கார்ந்து அவன் ரொட்டியைத் தின்கிறாள். 'வா', 'போ' என்கிறாள். அப்பா அந்த அறையில் லூசியைப் பார்க்க மாட்டார். சென்னையில் ஒரு ஹாஸ்டல் அறையைப் பார்ப்பார்.

ஒரகடத்தில் தன்னைவிட ஒரு வயது மூத்தவனைக்கூட அவள் 'அண்ணா' என்றுதான் கூப்பிடுவாள். அது ஒரு வேலி மாதிரி. அந்த வேலியைப் பாரிசுக்கும் போட்டாள். லூசி ரெனேயிடம் பேசுகிற இடமெல்லாம் 'அண்ணா' என்று சேர்த்தாள். ஒரிக்கை வருவதற்குள் லூசிக்கும் ரெனேக்கும் ஒரே தாய் வயிறு. மாடியில் அவர்கள் முத்தமிடுகிற காட்சி ஒன்று மட்டும் மிச்சம். அதற்குக் காலண்டர் அட்டை இருந்தது.

கோதண்டபாணியிடம் இரண்டு தரம் சொன்னாள். "கரெக்டா மறைச்சிடுங்க சார். துணி காயப்போட்டிருக்கற மொட்டமாடி வரும். அதுதான்."

"நான் மறைக்காம போயிட்ட முத்தம் இந்தத் தெருவுலயே கெடையாதும்மா" என்றார் அவர்.

படம் தொடங்கியபோது நாற்காலிகள் நிறைந்திருந்தன. எதிர்வீட்டுச் செல்லியம்மாள், மடியில் பாதி சுற்றிய பட்டு நூலோடு முன்வரிசையில். அப்பா கடைசி வரிசையில், சுவரில் சாயாமல். சத்யப்ரியா ப்ரொஜெக்டருக்குப் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து மைக்கை உதட்டோடு ஒட்டி வைத்துக்கொண்டாள். முதல் சில வசனங்கள் அவளுக்கே கேட்கவில்லை. "சத்தமா சொல்லும்மா, பாரிசுக்குக் கேக்க வேணாம், எனக்குக் கேட்டாப் போதும்" என்றாள் செல்லியம்மாள். லூசி தெருவில் செத்துக் காட்டியபோது மாடியே சிரித்தது. அந்தச் சிரிப்பில் அவளுடைய குரல் கொஞ்சம் மேலே வந்தது.

பாதிப் படத்தில் கீழேயிருந்து யாரோ கூப்பிட்டார்கள். கண்ணீர் அஞ்சலி பேனர், உடனே வேண்டுமாம், பிணத்தை ஐந்தரைக்கு எடுக்கிறார்களாம். கோதண்டபாணி ஓசையில்லாமல் எழுந்து படியிறங்கிப் போனார். மைக்கில் ஓவியனுக்காகப் பேசிக்கொண்டிருந்த சத்யப்ரியா அதைக் கவனிக்கவில்லை.

மொட்டை மாடி வந்தது. வெள்ளைப் படுக்கை விரிப்புகள் காற்றில் அடித்துக்கொண்டிருந்தன. "அண்ணா, நாளைக்கும் வாசிப்பியா?" என்று சத்யப்ரியா சொன்னாள். திரையில் லூசி அண்ணனின் கழுத்தைக் கட்டிக்கொண்டு முத்தமிட்டாள். நெடுநேரம். அட்டை வரவில்லை.

"அடிப்பாவி! அண்ணன்னு சொன்னியேடி!" என்றாள் செல்லியம்மாள்.

"பிரான்சுல மொற வேற மாதிரி போலக்குதுக்கா!" என்று பின்னாலிருந்து ஒரு குரல். நாற்காலிகள் ஆடுமளவுக்குச் சிரிப்பு. யாரோ விசிலடித்தார்கள். முத்தம் இன்னும் முடியவில்லை.

சத்யப்ரியா திரும்பிப் பார்த்தாள். அப்பா சிரிக்கவில்லை. அவர் திரையையும் பார்க்கவில்லை. அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். எழுந்து படியிறங்கி ஓடிவிடலாம். அவளை அறிந்த யாரும் அதைத்தான் எதிர்பார்ப்பார்கள். அப்பாவும் அதைத்தான் எதிர்பார்க்கிறார் என்று அவளுக்குத் தோன்றியது. ஓடினால் வெள்ளிக்கிழமை அவர் கேட்ட கேள்விக்கு அதுவே பதிலாகிவிடும். படத்தை நிறுத்தினாள். வெளிச்சம் அப்படியே நிற்க, திரையில் இரண்டு முகங்களும் அப்படியே நின்றன.

"அண்ணன் இல்ல" என்றாள் மைக்கில். அது கீச்சென்றது. "அவங்க அப்படிக் கூப்பிடல. நான்தான் மாத்தி எழுதிட்டேன். ரெண்டு பேரும் பக்கத்துப் பக்கத்து ரூம். அவளுக்கு அவன புடிச்சிருக்குது. எங்கப்பா வந்திருக்காரு. அதான் பயந்துட்டேன்."

சிரிப்பு நின்றது. சில தலைகள் பின்னால் திரும்பி முருகேசனைப் பார்த்தன. செல்லியம்மாள் நூலை மடியில் சரிசெய்துகொண்டாள். "இதுல பயப்பட இன்னா இருக்குது? அவ வயசுக்கு அவ கட்டிக்கினா. மேல போடு."

சத்யப்ரியா செல்போனைக் கவிழ்த்து வைத்தாள். எழுதி வைத்ததை இனி நம்ப முடியாது. திரையில் ஓடுகிற இங்கிலீஷைப் பார்த்து நேரடியாகத் தமிழில் சொல்ல ஆரம்பித்தாள். ரெனே ரெனேயாகவும் லூசி லூசியாகவும் ஆனார்கள். குரல் நடுங்குவது மைக்கில் நன்றாகக் கேட்டது. அப்படியே விட்டாள்.

லூசிக்கு முதல்முறையாக உயிருள்ள வேடம் கிடைக்கிறது. ரயில் நிலையத்தில் டிக்கெட் கொடுப்பவள். ஒரே ஒரு வசனம்: "வண்டி போயிடுச்சு." கட்டடமே அவளோடு சேர்ந்து அதை ஒத்திகை பார்க்கிறது. ஒளிபரப்பாகிற அன்று எல்லாரும் வீட்டுக்காரம்மாளின் தொலைக்காட்சிக்கு முன்னால் கூடுகிறார்கள். அந்த இடம் வெட்டப்பட்டிருக்கிறது. லூசியின் முழங்கை மட்டும் கண்ணாடிக்குப் பின்னால் தெரிந்து மறைகிறது. அப்போது இவ்வளவு நாளும் சுவரைத் தட்டித் தட்டித் திட்டிய வீட்டுக்காரம்மாள், பார்வையைத் திருப்பாமல் கேட்கிறாள்: "அதெல்லாம் சரி. வண்டி இருக்குதா இல்லையா?"

லூசி எழுந்து சாப்பாட்டு மேஜைக்குப் பின்னால் போய் உட்காருகிறாள். ஒவ்வொருவராகப் பெட்டியோடு அவள் முன்னால் வந்து நிற்கிறார்கள். எல்லாருக்கும் அதே வசனம். சத்யப்ரியா செல்போனில் அதை ஒரு முறைதான் எழுதியிருந்தாள். கோதண்டபாணியாக இருந்தால் ஒரு முறை சொல்லிவிட்டுத் தண்ணீர் குடித்திருப்பார். ஆனால் லூசி ஒரு முறை சொன்னது மாதிரி மறு முறை சொல்லவில்லை. ஓவியன் காது கேட்காத கிழவனாக வந்தான். "வண்டி! போயிடுச்சு!" என்று சத்யப்ரியா கத்தினாள். செல்லியம்மாள் காதைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சலவைக் கடைப் பெண், வேண்டுமென்றே தாமதித்து வந்த மணப்பெண்ணாக நின்றாள். அவளிடம் "வண்டி போயிடுச்சு" என்றபோது அது வாழ்த்தாக இருந்தது. ரெனே ஒன்றும் கேட்காமல் நின்றான். அவனுக்கு அதைச் சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னாள். கடைசியில் வீட்டுக்காரம்மாள் தன் கோட்டைப் போட்டுக்கொண்டு வந்து, ரொம்ப வருஷம் முன்னால் ஒருவன் ஏறிப்போன வண்டியைக் கேட்டாள். லூசி அவளைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். சத்யப்ரியாவும் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். திரையில் உதடு அசைந்தபோது அவளுடையதும் அசைந்தது.

"வண்டி... போயிடுச்சும்மா."

அந்த 'அம்மா' படத்தில் இல்லை. தானாக வந்தது. முன்வரிசையில் செல்லியம்மாளின் கை நூலில் அப்படியே நின்றிருந்தது.

விளக்குப் போட்டதும் கோதண்டபாணி மை படிந்த கைகளோடு படியேறி வந்தார். "முத்தம் வந்துடுச்சா?" என்று கேட்டார். மறுபடி ஒரு சிரிப்பு. அவருக்கு ஒன்றும் புரியவில்லை.

அப்பா வாசலில் வண்டியைக் கிளப்பிக்கொண்டு நின்றார். சத்யப்ரியா பின்னால் ஏறிக்கொண்டாள். ஒரிக்கை தாண்டியதும் அவர் பாதி திரும்பி, "மைக்க அவ்ளோ கிட்ட வெச்சிக்கினு பேசக்கூடாது. 'ப' வரச்சொல்ல எல்லாம் காத்து அடிக்குது" என்றார்.

"சரிப்பா."

"கடைசியில தள்ளி வெச்சிக்கின. அது நல்லா இருந்துச்சு."

அவள் அவருடைய முதுகைப் பார்த்தாள். சட்டையில் இஸ்திரி மடிப்பு இன்னும் கலையவில்லை. மேலே ஏதாவது சொல்வாரா என்று காத்திருந்தாள்.

பாலாற்றுப் பாலத்தில் செல்போன் அடித்தது. அம்மா. அவர் வண்டியை ஓரம் நிறுத்தி இறங்கினார். கீழே ஆறு மணலாகக் கிடந்தது. நடுவில் மட்டும் மேற்கு வானம் விழுந்த ஒரு வாய்க்கால் தண்ணீர். "பார்த்துட்டோம்... ம்... அத இன்னும் பேசல... இரு, சொல்ல வுடு" என்றார் அப்பா. "ஒரு வூடு. அதுல எல்லாம் ஒண்ணுக்கும் ஒதவாதவனுங்க. ஆனா வேலை செய்வானுங்க பாரு... ஒருத்தன் வானம் போடறான், வெறும் வானம். ஒரு பொண்ணு, அதுக்குப் பொணம் வேஷம்தான். இல்லடி, நெசமாத்தான். எப்படின்னா..."

எப்படி என்று சொல்ல அவருக்கு வார்த்தை வரவில்லை. செல்போனைக் காதில் வைத்தபடியே பாலத்தின் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து, கழுத்தை ஒரு பக்கமாகத் தொங்கவிட்டு, கண்ணை மூடி, வாயைக் கொஞ்சம் திறந்துகொண்டார். உத்திரமேரூர் பேருந்து ஒன்று கடந்து போயிற்று. ஜன்னல்களில் முகங்கள் எட்டிப் பார்த்தன. "என்னய்யா, லைன்ல இருக்கியா?" என்று செல்போனுக்குள் அம்மா கேட்டுக்கொண்டிருந்தாள். அப்பா மூச்சு விடாமல் நின்றார். வெள்ளைச் சட்டை காற்றில் படபடத்தது.