புடலங்கொடிக்குப் போட்டது

அன்றைக்கு ஸ்ரீரங்கத்தில், சௌரிராஜன் சார் வீட்டுக் கொல்லையில், புடலைப் பந்தலடியில் இருந்தவர்களை முதலில் எழுதிவிடுகிறேன். சாருடைய அண்ணா அழகியமணவாளன், அப்பாவின் திவசத்துக்காக மெட்ராஸிலிருந்து வந்தவர், மடக்கு நாற்காலியில். சார் கிணற்று மேடையில், காலை ஆட்டிக்கொண்டு. சாருடைய மனைவி கமலவல்லி மாமி சமையலறைப் படியில், பாதி உள்ளே பாதி வெளியே. என் வீட்டுக்காரர் அமிர்தசாமி கவிழ்த்த மண்கூடையின்மேல். டோரதியாகிய நான் நின்றுகொண்டிருந்தேன். எல்லோருக்கும் நடுவில், தரையில், ஒரு மீன் தலை கிடந்தது.

தெருநாய் ஒன்று வேலிக்குள் புகுந்து, புடலங்கொடியின் வேரடியைத் தோண்டி, அந்தத் தலையை வெளியே இழுத்துப் போட்டிருந்தது. மறுநாள் திவசம். அந்தக் கொடியில் பறித்த காய்கள் உள்ளே கழுவித் தயாராக இருந்தன.

எண்பத்தொன்றாம் வருஷம் ஆவணி மாதம் அது. தோட்டம் போட்டு இரண்டு வருஷம் ஆகியிருந்தது.

தோட்டம் சாருடைய யோசனைதான். சார் ஆபீசில் ஹெட் கிளார்க். என் வீட்டுக்காரர் அவருக்குக் கீழே. ஏதோ பத்திரிகையில் படித்துவிட்டு, கடைக்கே போகாமல் ஒரு குடும்பம் வாழ முடியும் என்று சார் பேச ஆரம்பித்தார். சாப்பிடுகிற காயை நாமே விளைவிக்கணும், குப்பையை நாமே மக்க வைக்கணும், விதையை நாமே எடுத்து வைக்கணும். ஆபீசில் சிரித்தார்களாம். "சார், உப்பை எந்தப் பாத்தியில விதைச்சிருக்கீங்க?" என்று ஒருத்தர் கேட்டாராம். சிரிக்காமல் கேட்டுக்கொண்டிருந்தவர் இவர் ஒருத்தர்தான். அதனால் சார் எங்களைக் கூட்டுச் சேர்த்துக்கொண்டார். இடமும் கிணறும் அவர்களுடையது, உழைப்பு இரண்டு வீட்டுக்கும் பொது, விளைவதில் ஆளுக்குப் பாதி.

பாலக்கரையில் நாங்கள் இருந்தது பல குடித்தனங்கள் ஒட்டியிருக்கிற ஸ்டோர் வீடு. அங்கே மண் என்றால் அடுப்புக்குப் பூசுகிற மண்தான். எனக்கு நான்கு பிள்ளைகள். வாராவாரம் சனிக்கிழமை ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் வெறும் பையோடு போய், கீரையும் கத்திரியும் அவரையுமாக நிறைத்துக்கொண்டு திரும்பினால் அடுத்த சனி வரை அடுப்பு ஓடும். அந்தப் பை நிறைய வேண்டும் என்பதைத் தவிர எனக்கு வேறு கொள்கை கிடையாது.

முதல் ஆறு மாதம் பை நிறையவில்லை. கொள்ளிடத்துப் பக்கத்து மணல் பூமி. ஊற்றுகிற தண்ணீரெல்லாம் கீழே போயிற்று. சார் சாணி போட்டார், சருகு போட்டார், வானொலியில் விவசாய நிகழ்ச்சி கேட்டார். புடலை விரல் நீளத்துக்கு வந்து சுருண்டு விழுந்தது.

லால்குடியில் என் அப்பா கொடிகளுக்கு மீன் கழுவின தண்ணீரும் தலையும் செதிலும் புதைப்பார். எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை மீன். மறுநாள் அந்தக் கழிவை மூடி போட்ட தூக்கில் எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். "என்னம்மா தூக்குல, கொழம்பா?" என்றார் கண்டக்டர். "ஆமாங்க, செடிக்கு" என்றேன்.

முதல் தடவை புதைத்து மண்ணை மிதித்துக்கொண்டிருந்தபோது சார் வந்தார். மூக்கைச் சுருக்கினார். இரண்டடி பின்னால் போனார்.

"சார், இதுல நான் வந்து..." என்று ஆரம்பித்தேன்.

கையைக் காட்டி நிறுத்தினார். "மண்ணுல என்ன வேணும்னாலும் போடுங்கோ. என் காதுல மட்டும் போடாதீங்கோ."

சொல்லிவிட்டுச் சிரித்தார். பக்கத்தில் மண்வெட்டியோடு நின்ற இவரும் சிரித்தார். நானும் சிரித்தேன்.

அதற்குப் பிறகு சனிக்கிழமை நான் கொல்லைக் கதவைத் திறந்தால், சாருக்கு வெற்றிலை வாங்கப் போக வேண்டியிருக்கும். திரும்பி வந்து, "ஆச்சா?" என்பார். "ஆச்சு சார்" என்பேன். புடலை கை நீளத்துக்குத் தொங்கியது. கோணாமல் இருக்கக் கல் கட்டிவிட்டோம். "நம்ம புடலையைப் பார்த்தேளா" என்று சார் தெருவில் போகிறவர்களைக் கூப்பிட்டுக் காட்டினார். "என்ன டோரதி, இப்படி ருசிக்கிறது? என்ன சொக்குப்பொடி போடறேள்?" என்று மாமி கேட்பார். சாரைப் பார்ப்பேன். சார் வானத்தைப் பார்ப்பார்.

இப்போது பந்தலடிக்கு வருகிறேன்.

"இது யார் காரியம்?" என்றார் நாற்காலியில் இருந்த பெரியவர்.

"நான்தாங்க. கொடிக்கு உரம். எங்க லால்குடிப் பக்கம் போடுறதுதாங்க."

"இது லால்குடி இல்லையேம்மா" என்றார். அவர் குரல் உயரவில்லை. தம்பி பக்கம் திரும்பினார். "நோக்குத் தெரியுமாடா?"

சாருடைய கால் ஆட்டம் நின்றது.

"நேக்கென்ன தெரியும் அண்ணா? அவா பழக்கம் அது."

இரண்டு வருஷமாக நம்ம தோட்டம், நம்ம கிணறு, நம்ம புடலை. ஒரு மீன் தலைக்கு முன்னால் நாங்கள் 'அவா' ஆகிவிட்டோம். நான் வாயைத் திறந்தேன். கூடைமேல் உட்கார்ந்திருந்தவர் இருமினார். கல்யாணமான நாளாக அந்த இருமலை நான் அறிவேன். சளிக்கு வருவதில்லை அது.

மாமிதான் அப்புறம் பேசினார். "ரெண்டு வருஷமா இந்தக் காயைத் தளிகை பண்ணிப் பெருமாளுக்கு அமுது செய்யப் பண்ணியிருக்கேன். என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே டோரதி."

அந்த இடத்தில் கேட்கப்பட்ட ஒரே நியாயமான கேள்வி அது. அதற்கு மட்டும் நான் பதில் சொல்லவில்லை. சொன்னால் சாருடைய பேச்சைச் சொல்ல வேண்டும்.

பெரியவர் தீர்த்துவிட்டார். கொடியைப் பிடுங்க வேண்டும். பாத்தி மண்ணைத் தோண்டி வெளியே அனுப்ப வேண்டும். இனிமேல் கூட்டுத் தோட்டம் வேண்டாம்.

"அந்த மண்ணையாவது எங்களுக்குக் குடுங்க" என்றேன்.

"தாராளமா எடுத்துண்டு போங்கோ."

"எடுத்துட்டுப் போய் எங்க போடுவே?" என்றார் என் வீட்டுக்காரர், மெதுவாக. ஸ்டோர் வீட்டு முற்றம் சிமெண்ட்டுத் தளம். கிளம்பும்போது எப்போதும் வருகிற காப்பி அன்று வரவில்லை.

பஸ்ஸில் கேட்டேன். "நீங்களும்தானே பக்கத்துல நின்னு சிரிச்சீங்க. ஒரு வார்த்தை சொன்னா என்ன?"

"சொல்லிட்டு, திங்கட்கிழமை யார் முன்னாடி போய் ஃபைலோட நிக்கறது?"

"அதுக்குப் பொண்டாட்டி நின்னா பரவாயில்லையா?"

காவிரிப் பாலம் முழுக்க ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார்.

கடைக் காய் வாங்க ஆரம்பித்தோம். "சவசவன்னு இருக்கும்மா" என்றான் கடைசிப் பையன். "தின்னு" என்றேன். இரண்டு வருஷச் சமாசாரம் அப்படியே முடிந்திருக்கும். ஐப்பசியில், எங்கள் தெருவில் கட்டுகிற வீட்டுக்கு மாட்டுவண்டியில் மணல் கொண்டுவந்த தங்கையன் என்னைப் பார்த்துச் சிரித்தான். சார் வீட்டுக்கு எரு அடித்தவன் அவன்தான். மண்ணை ஏற்றிப்போகவும் அவனைத்தான் கூப்பிட்டிருந்தார்கள்.

"மண்ணை எங்கப்பா கொட்டுன?" என்று கேட்டேன்.

"எங்கயும் போகலைக்கா. பெரியவரு மெட்ராஸ் வண்டி ஏறுனதும், வண்டியை அவுத்துவிடச் சொல்லிட்டாரு உங்க சாரு. அந்தக் கொல்லைக் கோடியில இருக்குற மூணு தென்னைக்குத்தான் அணைச்சோம். 'நல்ல மண்ணுடா, வீணாக்காதே'ன்னாரு."

"மீன் போட்ட மண்ணாச்சே?"

"நானும் கேட்டேன்கா. தேங்கா உசரத்துல காய்க்குதாம். தீட்டு அவ்வளவு தூரம் ஏறாதாம்."

சொல்லிவிட்டு அவன் வயிறு குலுங்கச் சிரித்தான். எனக்கு வரவில்லை. என் மண் தீட்டு இல்லை, நான்தான் தீட்டு என்று அப்போது விளங்கியது.

அன்று சாயந்திரம் உள்நாட்டுக் கடிதம் ஒன்று வாங்கிவந்து, பிள்ளைகளை வெளியே விளையாடச் சொல்லிவிட்டு எழுதினேன்.

"அன்புள்ள கமலவல்லி மாமிக்கு, டோரதி எழுதுவது. நலம். நலம் அறிய ஆவல். அன்றைக்கு நீங்கள் என்னை ஒன்று கேட்டீர்கள். பதில் சொல்லாமல் வந்துவிட்டேன். முதல் தடவை புதைத்த அன்றே சாரிடம் சொல்ல வாயெடுத்தேன். மண்ணில் என்ன வேண்டுமானாலும் போடுங்கோ, என் காதில் மட்டும் போடாதீங்கோ என்றார். என் வீட்டுக்காரரும் பக்கத்தில் இருந்தார். அந்த மண் இப்போது உங்கள் தென்னைகளின் அடியில் இருக்கிறது. தளிகை பண்ணுகிறவர் நீங்கள், உங்களுக்குத் தெரிய வேண்டும். தெரிந்தும் சொல்லவில்லை என்று இன்னொரு முறை நீங்கள் கேட்கும்படி வைத்துக்கொள்ள எனக்கு விருப்பமில்லை. காதில் போடக்கூடாது என்றுதான் சார் சொன்னார். எழுதக்கூடாது என்று சொல்லவில்லை. தென்னைக்கு அந்த மண் ரொம்ப நல்லது. காய் பெருக்கும்."

இவர் ஆபீசிலிருந்து வந்து, சட்டையைக் கழற்றாமல், நின்றபடியே படித்தார். இரண்டாவது தடவையும் படித்தார்.

"பாவம், அந்தம்மா என்ன செஞ்சாங்க? இனிமே அவங்க தேங்காயைத் தொடுவாங்களா?"

"தொட மாட்டாங்க."

"அவர் என்னைச் சும்மா விடுவாரா?"

"விட மாட்டாரு."

"அப்புறம் எதுக்கு?"

"அவங்க கேட்டாங்க. நான் பதில் சொல்லலை."

இருமுவார் என்று காத்திருந்தேன். கடிதத்தை மேஜைமேல் வைத்துவிட்டுக் கைகால் கழுவப் போய்விட்டார்.

மடித்தேன். ஓரத்துப் பசை சரியாக ஒட்டவில்லை. பானையிலிருந்து இரண்டு சோற்றுப் பருக்கையை எடுத்து நசுக்கித் தேய்த்து, விரலால் அழுத்திப் பிடித்தேன். அன்றைய கடைசித் தபாலை எடுக்கத் தபால்காரர் வருவதற்குள் தெருமுனைப் பெட்டிக்குப் போய், உள்ளே விழுந்த சத்தம் கேட்ட பிறகுதான் கையை வெளியே எடுத்தேன்.