நாற்பத்து நான்காவது பாட்டு

டெஸ்மண்ட் எழுந்து நின்று பீர்க் கோப்பையை ஸ்பூனால் மூன்று முறை தட்டினார். பின்னறையில் இருந்ததே பதினேழு பேர், அவர்களும் ஏற்கெனவே வாயை மூடிக்கொண்டுதான் இருந்தார்கள். ஆனால் தட்டாமல் பேசத் தொடங்கினால் டெஸ்மண்டுக்குப் பேச்சு வராது. கிட் ஹாலம் நினைவு வட்டத்துக்கு அவர் இருபத்திரண்டு வருடமாகச் செயலாளர். செத்துப்போனது கிட் ஹாலம்தான் என்றாலும், வருடாவருடம் பிப்ரவரி மாதத்து இந்த ஞாயிற்றுக்கிழமை மட்டும் டெஸ்மண்டின் முகத்தைப் பார்த்தால் யார் செத்தது என்று சந்தேகம் வரும்.

மணி மூன்று. இங்கிலாந்தின் பர்ஸ்லம் ஊர்த் தொழிலாளர் மன்றத்து ஜன்னல்களில் மழை கோடு போட்டுக்கொண்டிருந்தது. நீள மேஜையில் பாலாடைக்கட்டி வைத்துச் சுருட்டிய ஓட்ஸ் அடைகள் ஆறிக்கொண்டிருந்தன. சடங்கு முடியும்வரை யாரும் தொடக் கூடாது. ட்ரெவர் மாச்சின் ஒன்றை எடுத்து மேஜைக்கடியில் மறைத்துத் தின்றுகொண்டிருந்தான். ஐம்பத்தாறு வயதில் செய்கிற காரியமா என்று கேட்டிருப்பான் அவன் சிநேகிதன் க்ளைவ், கேட்டுவிட்டு அவனும் ஒன்றை எடுத்திருப்பான். க்ளைவ் செத்து ஒரு வருடம் ஆகிவிட்டது, அவன் நாற்காலி பக்கத்தில் காலியாக இருந்தது.

வட்டத்தின் விதி ஒன்றே ஒன்று. கிட் ஹாலம் தன் கிதாரோடு இந்த உலகத்துக்கு விட்டுப்போனது நாற்பத்து மூன்று பாட்டு. ஓர் உறுப்பினருக்கு ஒரு பாட்டு. எனக்குப் பிடித்தது இது என்று முதல் கூட்டத்தில் எழுந்து நின்று சொல்லிவிட்டால் அது சாகும்வரை அவருடையது. இன்னொருவர் அதைப் பிடித்திருப்பதாகச் சொல்லவும் கூடாது, காரில் தனியாகப் போகும்போது வேண்டுமானால் கேட்டுக்கொள்ளலாம். உரியவர் செத்து ஒரு வருடம் கழிந்ததும் அந்தப் பாட்டுக்கு மற்றவர்கள் உரிமை கோரலாம், மூத்த உறுப்பினருக்கே முதல் வாய்ப்பு. வேறொரு பாட்டு வேண்டுமென்றால் கையில் இருப்பதை விட்டுவிட வேண்டும். வெளியாட்களுக்குக் கிறுக்குத்தனமாகத் தெரியலாம். உள்ளே இருப்பவர்களுக்கோ, ஒருவர் இருமினால் மற்ற பதினாறு பேரும் அக்கறையோடு திரும்பிப் பார்க்கும் அளவுக்கு முக்கியமான விஷயம்.

டெஸ்மண்டின் துயரம் 1977-இல் தொடங்கியது. முதல் கூட்டத்துக்கு அவர் வரவேண்டிய பஸ் வழியில் ஹான்லியில் நின்றுபோனது. பத்து நிமிடம் தாமதம். அதற்குள் நல்லதெல்லாம் போய்விட்டது. அவருக்கு வாய்த்தது 'மாமியார் வளர்த்த மரநாய்'. ஒரு சின்ன இசைத்தட்டின் பின்பக்கத்தை ரொப்ப கிட் ஹாலம் குடித்துவிட்டு வாசித்தது. முப்பத்திரண்டு வருடமாக வருடம் ஒரு முறை எழுந்து, நெஞ்சில் கைவைத்து, "மாமியார் வளர்த்த மரநாய்" என்று கண்கலங்கச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

க்ளைவுடையது 'ஆறாம் சூளை'. அதன் நடுவில் கிட் ஹாலம் ஒரே ஒரு சுரத்தைப் பிடித்துக்கொண்டு விடாமல் நிற்கிற இடம் ஒன்று உண்டு. அடுப்பில் வைத்துவிட்டு மறந்துபோன கெட்டில் கூவுவதைப் போல முதலில் எரிச்சலாக இருக்கும், அப்புறம் அதை நிறுத்தவே வேண்டாம் என்று தோன்றிவிடும். பதினேழு வயதில் பீங்கான் தொழிற்சாலையில் வேலை செய்தபோது க்ளைவ் ட்ரான்சிஸ்டரில் அதைக் கேட்டுவிட்டு ஒரு தட்டு நிறைய டீக்கோப்பைகளைக் கீழே போட்டான். கடைசி நாட்களில் ஆஸ்பத்திரியில் பேச்சு நின்றபிறகும் அந்தச் சுரம் மட்டும் அவன் தொண்டையில் இருந்தது. அதற்கு முன்னால் பேச்சு இருந்தபோது ட்ரெவரின் கையைப் பிடித்து ஒன்று சொன்னான். "டேய், யாருக்கு வேணா போகட்டும்டா. அந்தக் கொட்டாவி டெஸ்மண்டுக்கு மட்டும் போகக் கூடாது. நெஞ்சுல கைய வெச்சே கொன்னுருவான்."

போகத்தான் போகிறது. ட்ரெவர் 1984-இல் சேர்ந்தவன், வட்டத்தில் டெஸ்மண்டுக்கு ஏழு வருடம் இளையவன். மற்ற மூத்தவர்கள் எல்லோரும் தங்கள் பாட்டோடு சமாதானமாகிவிட்டவர்கள்.

"நம்மள விட்டுப் போன அருமை நண்பர் க்ளைவ்..." என்று டெஸ்மண்ட் ஆரம்பித்தார். கை நெஞ்சுக்குப் போய்க்கொண்டிருந்தது. "அவர் ஆத்மா சாந்தியடைய, அவரோட பாட்ட..."

"ஒரு நிமிஷம் டெஸ்மண்ட்," என்றான் ட்ரெவர். என்ன சொல்லப் போகிறோம் என்று அவனுக்கே தெரியாது. "அதுக்கு முன்னாடி அந்த இன்னொரு பாட்டு விஷயத்தப் பேசிருவோமே."

"எந்த இன்னொரு பாட்டு?"

"ரிக்கார்டு பண்ணாததுதான். மேடையில ஒரே ஒரு தடவ வாசிச்சாராமே. நீங்க இருந்தீங்கன்னு க்ளைவ் சொன்னான்." ட்ரெவரின் கண் அறையைச் சுற்றியது. கழிப்பறைக் கதவில் மன்ற நிர்வாகத்தார் ஒட்டிய அறிவிப்பில் போய் நின்றது. "'கதவை மெல்லச் சாத்து'."

1971-க்கு அப்புறம் கிட் ஹாலமின் ஒரு கச்சேரியைக்கூடத் தவறவிட்டதில்லை என்று டெஸ்மண்ட் சொல்லாத கூட்டம் கிடையாது. தெரியாது என்ற சொல்லை அந்த அறையில் யாரும் சொல்லிக் கேட்டதும் கிடையாது.

"ஓ... அதுவா," என்றார் டெஸ்மண்ட். நெஞ்சுக்குப் போன கை முகவாய்க்கு வந்தது. "லீக் டவுன்ஹால். எழுபத்து மூணு. ஒரே கூட்டம்... மறக்க முடியுமா?"

"அத வேற யாரும் கேட்டதில்லையாம். கேட்டவருக்குத்தான அது சேரணும்? க்ளைவ் பாட்டுக்குப் பத்துப் பேர் வருவாங்க. இது உலகத்துலயே ஒருத்தருக்குத்தான்."

தூண்டிலில் மீன் மாட்டும்போது இவ்வளவு கம்பீரமாக மாட்டி ட்ரெவர் பார்த்ததில்லை. டெஸ்மண்ட் நிமிர்ந்தார், கோட்டுப் பொத்தானைப் போட்டார், மரநாயைத் துறப்பதாகவும் 'கதவை மெல்லச் சாத்து' தனக்கே உரியதென்றும் அறிவித்து, வட்டத்தின் நோட்டில் தானே எழுதிக் கையெழுத்தும் போட்டார். ட்ரெவர் மேஜைக்கடியில் இன்னோர் அடையை எடுத்துக்கொண்டு, காலி நாற்காலியைப் பார்த்துக் கண்ணடித்தான்.

"லீக்ல நானும் இருந்தேனே," என்றார் எதிரே இருந்த பாரி, முன்பு தபால்காரராக இருந்தவர். "பழுப்புக் கிதார். ரெண்டு கம்பி அறுந்துபோச்சு, நாலு கம்பிலயே வாசிச்சான் மனுசன்."

"ஆமா, நாலு கம்பி," என்றார் டெஸ்மண்ட், கொஞ்சம் வியப்போடு.

ட்ரெவருக்குச் சிரிப்பு முட்டியது. ஒருத்தன் புளுகினால் இன்னொருத்தன் அதற்குக் கம்பி மாட்டுகிறான். சுவரோரம் இருந்த இன்னும் இரண்டு பேர், அன்றைக்கு மின்சாரம் போய் மெழுகுவத்தி ஏற்றினார்கள் என்றார்கள். ஒரே நேரத்தில் சொன்னார்கள்.

அப்போதுதான் எனிட் வாயைத் திறந்தாள். கிட் ஹாலமின் அக்கா, எழுபத்தெட்டு வயது, வட்டத்தின் கௌரவத் தலைவி. வருடத்துக்கு ஒருமுறை வந்து, யாருடைய புளுகுக்கும் தலையாட்டாமல் உட்கார்ந்திருந்துவிட்டுப் போவாள். கூட்டத்தில் அவளிடம் மட்டும் எல்லோருக்கும் கொஞ்சம் பயம்.

"எங்க வீட்டுச் சமையக்கட்டுல போட்ட மெட்டு கண்ணு அது," என்றாள். "அம்மா முன்னறையில சாகக் கெடந்தாங்க. இவன் கிதாரோட உள்ள வரான். டேய், கதவ மெல்லச் சாத்துடான்னேன். அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கிட்டு உக்காந்தான். விடியறதுக்குள்ள பாட்டாயிருச்சு. அம்மா போய்ட்டாங்க." ட்ரெவரை நேராகப் பார்த்தாள். "இத நான் யார்கிட்டயும் சொன்னதில்லையே. ஒனக்கு எப்டித் தெரிஞ்சுது கண்ணு?"

வாயிலிருந்த அடையை ட்ரெவர் அவசரமாக விழுங்கினான். கழிப்பறைக் கதவைக் காட்டலாம் என்று நினைத்தான்.

அதற்குள் பாரி அந்த மெட்டை முனக ஆரம்பித்தார். சுவரோரத்து இரண்டு பேர் சேர்ந்துகொண்டார்கள், பிறகு டெஸ்மண்ட், பிறகு எல்லோரும். கூட்டமாகப் பாடும்போது நான்கு பேராவது இழுத்துக்கொண்டு போவார்கள், இந்த மன்றத்தில் பிறந்தநாள் பாட்டைக்கூட யாரும் ஒன்றாக முடித்ததில்லை. இதுவோ ஒரே தொண்டையிலிருந்து வருவதைப் போல வந்தது. கீழ்ஸ்தாயியில் நடந்தது, ஒரு திருப்பத்தில் தயங்கியது, எல்லோரும் சேர்ந்து தயங்கினார்கள். இனிமேல் இது கீழே இறங்கும் என்று ட்ரெவர் நினைத்தான். இறங்கியது. தன் தொண்டையும் அதிர்ந்துகொண்டிருப்பதை அப்புறம்தான் கவனித்தான்.

முடிந்ததும் எல்லோரும் சாதாரணமாக மூக்கைச் சிந்திக்கொண்டார்கள். டெஸ்மண்ட் நோட்டைப் புரட்டினார். "சரி, அடுத்தது. ட்ரெவர், நீ ஏதாவது உரிமை கேக்கணுமா?"

"க்ளைவோட பாட்டு. அத நான் எடுத்துக்கறேன். என்னோடத விட்டுடறேன்."

"பாட்டுப் பேரு?"

ட்ரெவர் வாயைத் திறந்தான். பல் பிடுங்கிய இடத்தை நாக்கு தேடுவதைப் போலத் தேடினான். ஒரு வருடமாகத் தினமும் சொல்லிக்கொண்டிருந்த பெயர். தொழிற்சாலை நினைவுக்கு வந்தது. உடைந்த கோப்பைகள் வந்தன. க்ளைவின் வாய் தெரிந்தது, ஆஸ்பத்திரிக் கட்டிலில், ஏதோ ஒரு சத்தத்தைப் பிடித்துக்கொண்டு திறந்திருந்த வாய். சத்தம் வரவில்லை.

"க்ளைவுக்குன்னு பாட்டு இருந்துச்சா என்ன?" என்றார் பாரி, பக்கத்தில் இருந்தவரிடம் மெதுவாக. "பாவம், அடைக்காக வந்துட்டிருந்தான்னு நெனச்சேன்." டெஸ்மண்ட் நோட்டைத் திருப்பிக் காட்டினார். க்ளைவின் பெயருக்கு எதிரே ஒன்றும் எழுதியிருக்கவில்லை, அடித்த சுவடும் இல்லை.

"இருக்கு," என்றான் ட்ரெவர். "ரெண்டாம் பக்கம். மூணாவது."

க்ளைவின் இசைத்தட்டைப் பையில் கொண்டுவந்திருந்தான். பின்னட்டையில் இரண்டாம் பக்கத்துக்கு நான்கு பெயர்கள் இருந்தன. ஜன்னல் வெளிச்சத்தில் தட்டைச் சாய்த்துப் பார்த்தான். ஐந்து பாட்டுக்கு இடம் இருந்தது. நடுவில் ஒரு விரல் அகலத்துக்கு வரியே இல்லாமல், குளத்துத் தண்ணீரைப் போலக் கறுப்பாக வழுவழுத்தது. நாற்பத்து நான்காவதாக ஒன்று உள்ளே வந்ததற்கு, இருந்த நாற்பத்து மூன்றில் ஒன்று வெளியே போயிருந்தது.

"போடுப்பா, கேப்போம்," என்றார் டெஸ்மண்ட், முதல் தடவையாகக் கனிவோடு. "போனவருக்கு மரியாதை."

ட்ரெவர் மன்றத்து ரிக்கார்டு பிளேயரில் தட்டைப் போட்டு, ஊசியை அந்தக் கறுப்பின்மேல் வைத்தான். எல்லோரும் எழுந்து நின்றார்கள். ஒலிபெருக்கியில் ஒன்றும் வரவில்லை, இரைச்சல்கூட. தட்டு சுற்றியது. டெஸ்மண்டின் கை நெஞ்சில் இருந்தது, கண்கள் மூடியிருந்தன. எனிட் தலையை மெல்ல அசைத்தாள். யாராவது சிரிப்பார்கள், ஒருவராவது என்னய்யா இது என்று கேட்பார் என்று ட்ரெவர் முகம் முகமாகப் பார்த்தான்.

"இப்பப் பாரு," என்று பாரி அவன் காதில் கிசுகிசுத்தார். "இந்த எடம்தான்."

வழுவழுப்பின்மேல் ஊசி நழுவிப் போய்க்கொண்டிருந்தது. மரத்தரையில் காலணிகள் தட்டத் தொடங்கின, மெதுவாக, பிசகாத ஒரே தாளத்தில். ட்ரெவர் குனிந்து பார்த்தான். தன் வலது கால் அவர்களுக்கு அரை நொடி முன்னாலேயே எழுந்திருந்தது.