தோல் கீல் போட்ட கோழிக்கூடு

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் பதினாறு வருடமாகப் பேட்டர்ன் மாஸ்டர் நான். பாத அளவைக் கொடுத்தால் அட்டையிலேயே ஷூவை வெட்டிக் காட்டிவிடுவேன். அப்படிப்பட்டவனுக்குக் கோழிக்கூடு கட்டத் தச்சர் எதற்கு என்று நினைத்தேன் பாருங்கள், வினை அங்கேதான் ஆரம்பித்தது.

என் மனைவி எழிலரசி கேட்டதில் தப்பே இல்லை. போன தடவை பொரித்த ஏழு குஞ்சுகளையும் பூனை ஒவ்வொன்றாகக் கவ்விக்கொண்டு போய்விட்டது. கடைசிக் குஞ்சு போன அன்று அவள் சாப்பிடவே இல்லை. இந்தத் தடவை எங்கள் கோழி சிவப்பி பதினோரு முட்டைமேல் அடை உட்கார்ந்ததும் சொல்லிவிட்டாள்.

"இருபத்தோரு நாள்ல பொரிச்சுடும். அதுக்குள்ள பின்பக்கம் ஒரு கூடு வேணும். தச்சு வேல பாக்கற ஜியாவுதீன் பாய கூப்டா ரெண்டு நாள்ல முடிச்சுடுவாரு."

"நான் இருக்க சொல்ல அவரு எதுக்கு?" என்றேன்.

கம்பெனியில் நாங்கள் எதையும் நேராகச் செய்துவிட மாட்டோம். முதலில் படம், பிறகு அட்டையில் சாம்பிள், பிறகு அளவு பார்ப்பது, அதற்குப் பிறகுதான் வேலை. பதினோரு நாள் படம் வரைந்தேன். அட்டைக்கூடு ஒன்று செய்து, அளவு பார்க்கலாம் என்று அடையிலிருந்த சிவப்பியைத் தூக்கினேன். புறங்கையில் ரத்தம் வரக் கொத்திவிட்டது. ஷூ வாங்க வரும் எந்த வெளிநாட்டுப் பையரும் என் சாம்பிளை இவ்வளவு கேவலமாகத் திருப்பி அனுப்பியதில்லை.

"ஷூவா தெக்கிறீங்க? கோழி நிக்கணும், படுக்கணும், அவ்ளோதான்" என்றாள் எழிலரசி. தொழில் தெரியாதவர்கள் பேச்சைக் காதில் போட்டுக்கொள்ளக் கூடாது என்று இருந்துவிட்டேன்.

பத்தொன்பதாம் நாள் சட்டம் நின்றது. கம்பி வலை அடித்தேன். கதவுக்கு இரும்புக் கீல் வாங்கவில்லை, துருப்பிடிக்குமாம். கழித்துப்போட்ட சோல் லெதரை நாடாவாக வெட்டி நாலு கீல் செய்தேன். விறைப்பாக இருந்தது. தோல் பதனிடும் டேனரியில் அது இளக மீன் எண்ணெய் ஏற்றுவார்கள். நானும் இரண்டு தடவை ஊறவைத்துத் தேய்த்தேன். நாற்றமா? டேனரிக் காற்றில் வளர்ந்த எங்கள் மூக்குக்கு அதெல்லாம் நாற்றத்திலேயே சேர்த்தியில்லை.

ஒன்பது குஞ்சு பொரித்தது. மறுநாள் சாயங்காலம் தாயையும் குஞ்சுகளையும் கூட்டில் விட்டோம். கதவு சத்தமே இல்லாமல் திறந்து மூடியது. பத்துத் தடவை திறந்து மூடிப் பார்த்தேன். போட்டோ எடுத்துக் கம்பெனி குரூப்பில் வேறு போட்டேன்.

காலையில் பின்பக்கம் போனால், கதவு மண்ணில் கிடக்கிறது. பக்கத்தில் இரண்டு தெருநாய்கள். அதில் ஒன்று என் கடைசிக் கீலை நிதானமாக மென்றுகொண்டிருந்தது. கூட்டுக்குள் வைக்கோல் மட்டும்தான் இருந்தது. குஞ்சும் இல்லை, கோழியும் இல்லை.

எழிலரசியிடம் என்னவென்று சொல்வேன்? நாற்பத்து நாலு வயது மாஸ்டர், நாய்கள் பார்க்க அழுதேன். முகத்தைத் துடைத்துக்கொண்டு சமையலறைக்குப் போனேன்.

"பாத்து வாங்க, காலடியில குஞ்சு" என்றாள் எழிலரசி.

தரையில் ஒன்பதும் நொய் பொறுக்கிக்கொண்டிருந்தன. பெரிய கூடை ஓரமாக இருந்தது. சிவப்பி என்னைப் பார்த்து இறக்கையைச் சிலிர்த்தது.

"ராத்திரி நீங்க இந்தாண்ட வந்ததும் தூக்கினு வந்து கூடைய போட்டு கவுத்துட்டேன். அந்த மீன் வாடைக்கு நாய் வராம இன்னா பண்ணும்?"

"அப்பவே சொல்றதுக்கு இன்னா?"

அவள் அடுப்பைத் தணித்தாள். "கதவ தொறக்கறீங்க, மூடறீங்க, சிரிக்கிறீங்க. அந்த மூஞ்ச பாத்து சொல்ல மனசு வரல."

என் கைவேலையை என் மனைவி ஒரு ராத்திரிகூட நம்பவில்லை. அதற்காக அவள் காலில் விழலாம் போலிருந்தது.