கீழ்த்தட்டு எலிகளின் முதுகுச் சூடு

மார்ச் 11, செவ்வாய், காலை 6.10. மூன்றாம் மாடி, விலங்கு அறை. ஒரு நாள் முழுக்க உணவில்லாமல் இருந்த ஆறு ஒல்லி எலிகளின் முதுகு வெப்பம், சாப்பிட்ட ஒல்லி எலிகளுடையதைவிட 0.6 டிகிரி அதிகம். அதே பட்டினியிலிருந்த ஆறு குண்டு எலிகளிடம் மாற்றமில்லை.

ஆராய்ச்சி மாணவி அந்த எண்களை மூன்று முறை படித்தாள். எலியின் தோள்பட்டைகளுக்கு நடுவே பழுப்புக் கொழுப்பு இருக்கிறது. மற்றக் கொழுப்பு சேமித்து வைக்கும். இது எரிந்து சூடு தரும். சாப்பாடு நின்றால் உடம்பு சிக்கனமாகி இந்த அடுப்பைத் தணித்துவிடும். குண்டு எலிகளுக்கு அடுப்பே மந்தம். தீனி போட்டாலும் பட்டினி போட்டாலும் பெரிதாக அசையாது. அப்படியானால் ஒல்லி எலிகளின் முதுகு குளிர்ந்திருக்க வேண்டும். சூடேறியிருந்தது.

ஒன்பது மணிக்குத் துறைத்தலைவர் தாளைப் பார்த்தார்.

"யாரோ தீனி போட்டிருக்காங்க. யாரோ என்ன, நம்ம தொப்பைதான்."

தொப்பை என்பது பதினோரு வருடமாகக் கூண்டுகளைப் பார்த்துக்கொள்பவரின் பெயர். உண்மையான பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது.

"அண்ணன் அப்படிச் செய்யமாட்டார் சார்."

"பட்டினி கிடந்துட்டு அப்பத்தான் தின்ன எலி இப்படிச் சூடாகும். குண்டெலி தின்னாலும் ஆகாது. அச்சு அசலாப் பொருந்துதே! வெள்ளிக்கிழமை அவரோட ஒப்பந்தம் புதுப்பிக்க வருது. நான் கையெழுத்துப் போடறதா இல்ல."

விலங்கு அறையில் தொப்பை தண்ணீர்ப் புட்டிகளைக் கழுவிக்கொண்டிருந்தார். அவள் தயங்கித் தயங்கிச் சொல்லி முடித்தாள்.

"நானாம்மா?" என்றார். "ஒருவேளை சாப்பிடலன்னாலே எனக்கு உலகம் சுத்தும், அது நிஜம். அதுக்காக எலிக்கு ஊட்டுவேனா? இந்த வயிறு சத்தியமாச் சொல்றேன், ஒரு துணுக்குகூடப் போடல." வயிற்றில் தட்டிக் காட்டினார். சிரிக்கவில்லை. "கடைசில என் பொழப்புல மண்ணள்ளிப் போட ஒரு எலி போதும் போல."

அவள் காலையில் குறித்த எடைகளைப் புரட்டினாள். ஒல்லி எலிகள் சராசரியாக முப்பத்தொரு கிராம் இளைத்திருந்தன. போன மாத முன்னோட்டச் சோதனையில் இருபத்து நாலுதான்.

"தின்னிருந்தா எப்படி இளைக்கும்? தின்னல. ஆனா சூடா இருக்கு. எனக்கு ஒண்ணும் புரியல அண்ணே."

"படிச்சவங்க நீங்களே இப்படி முழிச்சா, நான் எங்க போய் முட்டிக்கறது?"

குண்டு எலிகளின் எடையைச் சரிபார்க்க அவள் கூண்டு அட்டைகளின் முன் குத்துக்காலிட்டாள். இரண்டு வரி எழுதுவதற்குள் கால்விரல்கள் விறைத்தன. எழுந்தாள். வெதுவெதுப்பாக இருந்தது. மறுபடி உட்கார்ந்தாள். காற்று கணுக்காலை வெட்டியது.

"இப்பக் கீழ இருக்கே, இந்தக் கூண்டெல்லாம் நடுத்தட்டுலதானே இருந்தது?"

"ஆமா. பக்கத்துக் கூண்டுல தீனி வாசனை வந்தா, பட்டினி எலிங்க கம்பியைக் கடிச்சுக்கிட்டே கிடக்குதுங்க. போன மாசம் பாக்கவே சங்கடமா இருந்துச்சு. அதான் நேத்துக் காலைல பன்னெண்டையும் கீழ இறக்கிட்டேன்." கையிலிருந்த புட்டியைக் கீழே வைத்தார். "தப்பாம்மா?"

அறையின் வெப்பமானி தோள் உயரத்தில் சுவரில் தொங்கியது: இருபத்து மூன்று. அவள் இன்னொன்றைக் கீழ்த்தட்டில் வைத்துப் பத்து நிமிடம் காத்திருந்தாள். பதினாறு. குளிர்சாதனத்தின் காற்றுத் துவாரம் நேரெதிரே, தரையோரம் இருந்தது.

அவள் கூப்பிட்டதும் தலைவர் வந்து, முழங்கால் வலியோடு குனிந்து, கையை நீட்டிப் பார்த்தார்.

"குளிர்ல ஒல்லி எலி அடுப்பை ஏத்திடுச்சு. குண்டெலிக்கு அந்தக் குளிர்லகூட ஏறல. சரி, இதுல பட்டினி என்ன பண்ணுச்சு?"

"தெரியல சார். ரெண்டும் கலந்துடுச்சு."

"தீனி?"

"போடல."

அவர் தொப்பையைப் பார்க்காமல், "பாவம் பாத்தா நோட்டுல எழுதிட்டுப் பாருங்க," என்றார்.

"எழுதறேன் சார். எலி கடிக்காத பேனாவா ஒண்ணு வாங்கித் தாங்க."

பன்னிரண்டு எலிகளின் கணக்கும் ஆய்விலிருந்து நீக்கப்பட்டது. வெள்ளிக்கிழமை ஒப்பந்தத்தில் கையெழுத்து விழுந்தது. ஏப்ரலில் எல்லாக் கூண்டுகளையும் நடுத்தட்டில் வைத்து மறுபடி அளந்தார்கள். பட்டினியில் ஒல்லி எலிகளின் முதுகு வெப்பம் 0.5 டிகிரி குறைந்தது. குண்டு எலிகளுடையது 0.1.