ஓடாத கேத்தம்மா

புத்தகக் கட்டைப் பிரித்த யேசுதாஸ் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கீழே அவர் பெயர் இருந்தது. படம் அவருடையதாக இல்லை.

தங்கவயல் சுரங்கத் தொழிலாளியின் மகன் அவர். முப்பது வருடமாகக் காடு காடாகத் திரிந்து, கண்ணால் கண்டதையே சாகசக் கதைகளுக்குப் படமாக வரைந்து வந்தார். போன வருடம் பிலிகிரிரங்கன் மலையில் ஒற்றை யானை எதிர்ப்பட்டபோது ஓடத்தான் பார்த்தார். வழிகாட்டியாக வந்த சோலிகப் பழங்குடிப் பெண் கேத்தம்மா, "ஓடபேடா!", ஓடாதே என்று கன்னடத்தில் அதட்டி அவரைத் தன் முதுகுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டாள். யானையிடம் ஏதோ பேசிக்கொண்டே அசையாமல் நின்றாள். அது காதை விசிறிவிட்டு மூங்கிலுக்குள் போய்விட்டது. அந்தக் காட்சியை அப்படியே வரைந்து கொடுத்திருந்தார்.

அச்சான அட்டையில், தொப்பி போட்ட ஒரு வாலிபன் யானைக்கு எதிரே தீப்பந்தத்தோடு நின்றான். கேத்தம்மா ஓரத்தில் அலறியபடி ஓடிக்கொண்டிருந்தாள்.

தொம்மலூரில் இருந்த பதிப்பக அலுவலகத்துக்கு நேரே போனார். எடிட்டர் ஷில்பா சிரித்தாள். "கம்ப்யூட்டர்ல சின்ன சேஞ்ச்தான் சார். அட்வென்ச்சர்னா ஹீரோ வேணும்ல?"

"ஹீரோ அவதாம்மா! ஓடப் பாத்தவன் நான். யாரையாவது ஓட வைக்கணும்னா என்னை ஓட வெச்சிருக்கலாமே!"

"பிரிண்ட் ஆயிடுச்சு சார். ஸ்வல்ப அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க."

ஞாயிற்றுக்கிழமை மல்லேஸ்வரத்தில் வெளியீட்டு விழா. மேடைக்கு அழைத்தபோது யேசுதாஸ் சால்வையை வாங்கவில்லை. கொண்டுவந்திருந்த அசல் படத்தைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்தார்.

"இந்தப் பொம்பளை ஓடல. நான் உசுரோட நிக்கறதே இவளாலதான். இவளைப் பயந்தாங்கொள்ளி ஆக்கின அட்டையில என் பேர் இருக்கக் கூடாது!"

மைக்கை அணைத்தார்கள். அவர் தொண்டை கிழிய, நடந்ததைச் சொல்லி முடித்தார். சிலர் செல்போனைக் குனிந்து பார்த்தார்கள். முன்வரிசையில் இருந்த ஒரு பெண் மட்டும் கையிலிருந்த புத்தகத்தை மேசைமேல் வைத்துவிட்டு, படத்தைக் கிட்டே பார்க்க மேடையேறி வந்தாள்.

அடுத்த பதிப்பில் யேசுதாசின் பெயரை எடுத்துவிட்டார்கள். அட்டையை மாற்றவில்லை. அவருக்கு வரவேண்டியிருந்த அடுத்த மூன்று புத்தகங்களும் வேறொருவருக்குப் போயின.

"கொஞ்சம் சமாதானமாப் போயிருக்கலாம்ல?" என்றாள் மனைவி மெர்சி.

"யாரோட சமாதானம்?" என்று சீறினார் யேசுதாஸ். "கேத்தம்மாகிட்ட ஒருத்தன் ஒரு வார்த்தை கேட்டானா?"

மெர்சி அவர் தட்டில் சோற்றைப் போட்டாள். அவர் சாப்பிடாமல் தட்டைத் தள்ளி வைத்தார்.